கவுண்ட் குறைந்தால் காரணத்தைத் தேடுங்கள்: ஃப்ளோ சைட்டோமெட்ரி பற்றி ஒரு பாடம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி’ என்ற பெயரை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். மனு கொண்டுவருபவர்களிடம் அது என்ன சோதனை என்று கேட்டால், “கவுண்ட் குறைஞ்சிருக்காம், இதை எடுத்தாத்தான் மருந்து ஆரம்பிப்பாங்களாம்” என்பதற்கு மேல் சொல்லத் தெரிவதில்லை. சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால் சிலர் தள்ளிப்போடுகிறார்கள். வேறு சிலர் பெயரைக் கேட்ட உடனேயே புற்றுநோய் என்று முடிவுகட்டி, ரிப்போர்ட் வரும் முன்பே வீட்டைத் துக்க வீடாக்கிவிடுகிறார்கள்.

ஆகவே இந்த இதழின் நலவாழ்வுப் பாடத்தில் அந்தச் சோதனையைப் பற்றிப் பார்ப்போம். படித்து முடித்ததும் ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும். குறைந்த கவுண்ட்டை ரத்தம் ஏற்றி உயர்த்துவது ஒரு வேலை. அது ஏன் குறைந்தது என்று கண்டுபிடிப்பது வேறொரு வேலை. முதல் வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால் சிகிச்சைக்குரிய காலம் கைநழுவிப் போய்விடும்.

கவுண்ட் என்பது என்ன?

நம் ரத்தத்தில் மூன்று வகை அணுக்கள் உள்ளன. சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்கின்றன. வெள்ளையணுக்கள் கிருமிகளோடு போராடுகின்றன. தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், ரத்தக்கசிவை அடைக்கின்றன.

சி.பி.சி. என்ற சாதாரண ரத்தச் சோதனையில் இம்மூன்றும் எண்ணப்படுகின்றன. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறையக் கூடாது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சுமார் 4,000 முதல் 11,000 வரையும், தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரையும் இருக்க வேண்டும். வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை 500-க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமியும் உயிருக்கு ஆபத்தாகலாம். தட்டணுக்கள் 10,000 அளவுக்கு இறங்கினால் அடிபடாமலேயே ரத்தம் கசியலாம்.

இம்மூன்று வகை அணுக்களும் உற்பத்தியாகும் இடம் ஒன்றுதான்: எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. ஆகவே ஒரே ஒரு கவுண்ட் குறைந்திருப்பதும் இரண்டு அல்லது மூன்றும் சேர்ந்து குறைந்திருப்பதும் ஒன்றாகாது. மூன்றும் சேர்ந்து குறைந்தால், உற்பத்தியாகும் இடத்திலேயே கோளாறா, அல்லது உற்பத்தியான பின் வெளியே அழிகிறதா என்று மருத்துவர் யோசிக்கத் தொடங்குவார்.

முதலில் எளிய காரணங்கள்

கவுண்ட் குறைந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இறங்கும். காய்ச்சல் விட்ட சில நாட்களில் தாமாகவே ஏறும். இரும்புச் சத்துக் குறைவால் ஹீமோகுளோபின் குறையும். வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் மூன்று கவுண்ட்டும் சேர்ந்தே இறங்கி, ரத்தப் புற்றுநோய் போலவே பயமுறுத்தும். ஆனால் சில ஊசிகளிலும் மாத்திரைகளிலும் சரியாகிவிடும். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது உண்டு. நம் மஹல்லாக்களில் சர்க்கரை நோயாளிகள் நிறைய இருப்பதால் இதை நினைவில் வையுங்கள்.

கல்லீரல் நோயால் மண்ணீரல் வீங்கினாலும் கவுண்ட் குறையும். சில மருந்துகளாலும் குறையும். மூட்டுவலிக்குத் தரும் மீத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் மஜ்ஜையே ஒடுங்கிப்போகும். தைராய்டு மிகைக்குத் தரும் கார்பிமசோல் சிலருக்கு வெள்ளையணுக்களைத் திடீரென இறக்கிவிடும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து, லேகியம், பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

இந்த எளிய காரணங்களைப் பிரித்தறியப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர், ரெட்டிகுலோசைட் கவுண்ட், பி12 அளவு, கல்லீரல் சோதனைகள் ஆகியவையே போதும். இவற்றில் காரணம் பிடிபடாவிட்டாலோ, ஸ்மியரில் ‘பிளாஸ்ட்’ எனப்படும் முதிராத அணுக்கள் தென்பட்டாலோதான் அடுத்த படி. அங்கேதான் எலும்பு மஜ்ஜை பரிசோதனையும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் வருகின்றன.

எண்ணினால் மட்டும் ஏன் போதாது?

ஸ்மியரில் சாதாரணமாக 100 வெள்ளையணுக்களைப் பார்த்து வகை பிரிப்பார்கள். கவுண்ட் நன்றாக இருப்பவருக்கு அது போதும். மொத்த வெள்ளையணுக்களே 1,000 அல்லது 1,500 என்று இறங்கிவிட்டவருக்கு, தகட்டில் 100 அணுக்களைத் தேடிப் பிடிப்பதே சிரமம். அவற்றுக்குள் நோயுற்ற அணு இரண்டோ மூன்றோ இருந்தால் கண்ணில் படாமலே போகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதிராத அணுக்கள் பலவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லிம்ஃபாய்டு வகை ரத்தப் புற்றுநோயின் அணுவும் மைலாய்டு வகையின் அணுவும் அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணையே ஏமாற்றிவிடும். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு, சிகிச்சைக் காலம் வேறு, குணமாகும் வாய்ப்பும் வேறு. எத்தனை அணுக்கள் என்ற கேள்விக்குச் சி.பி.சி. பதில் சொல்லிவிட்டது. அவை என்ன அணுக்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரி உதவுகிறது.

கருவி எப்படி வேலை செய்கிறது?

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலின் குறுகலான வாசல் வழியாக மக்கள் ஒவ்வொருவராக வெளியே வருவதை எண்ணிப் பாருங்கள். வாசலில் நிற்கும் ஒருவர் ஒவ்வொருவருடைய உயரம் என்ன, கையில் சுமை உண்டா, சட்டையில் என்ன நிற அட்டை குத்தியிருக்கிறார் என்று குறித்துக்கொண்டே இருந்தால், கடைசியில் எந்தத் தெருவினர் எத்தனை பேர், வெளியூர்க்காரர் யார் என்று சொல்லிவிடலாம்.

கருவியும் அதைத்தான் செய்கிறது. ரத்தத்தில் அல்லது மஜ்ஜையில் உள்ள அணுக்களை மெல்லிய நீரோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுகிறது. ஓடும் வழியில் லேசர் ஒளி குறுக்கே பாய்கிறது. அணுவின் மீது பட்டு நேராகச் சிதறும் ஒளி அதன் அளவைக் காட்டும். பக்கவாட்டில் சிதறும் ஒளி அதன் உள்ளே துகள்கள் எவ்வளவு என்று காட்டும்.

நிற அட்டைக்குச் சமமானது ஆன்டிபாடி. ஒவ்வொரு வகை அணுவின் மேற்பரப்பிலும் அதற்கே உரிய சில புரதங்கள் உண்டு. அவற்றுக்கு உலகம் முழுவதும் சி.டி. என்ற எழுத்துகளோடு எண் கொடுத்திருக்கிறார்கள். சி.டி.3 இருந்தால் டி வகை லிம்ஃபோசைட், சி.டி.19 இருந்தால் பி வகை, சி.டி.34 இருந்தால் முதிராத அணு என்பது போலப் பெரும்பாலும் அடையாளம் காணலாம். ஒவ்வொரு புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து அணுக்களோடு கலக்கிறார்கள். லேசர் பட்டதும் அந்தச் சாயம் தன் நிறத்தில் ஒளிரும். ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான அணுக்களைக் கருவி இப்படிப் பதிவு செய்கிறது. 100 அணுக்களை வைத்துச் சொன்ன இடத்தில் இப்போது பல்லாயிரம் அணுக்களை வைத்துச் சொல்ல முடிகிறது. சிகிச்சைக்குப் பிறகு 10,000 அணுக்களில் ஒன்று நோயுற்றதாக எஞ்சியிருந்தாலும் கண்டுபிடிக்கும் அளவுக்கு இது வளர்ந்துள்ளது.

இதன் வரலாறு நீண்டது. சிறு துளை வழியே அணுக்களைச் செலுத்தி மின் துடிப்பால் எண்ணும் முறைக்கு அமெரிக்காவின் வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்றார். இன்று ஆத்தூரிலும் சேலத்திலும் சி.பி.சி. எடுக்கும் கருவிகள் பலவும் அந்த வழி வந்தவையே. ஒளிரும் சாயத்தை வைத்து அணுக்களைப் பிரிக்கும் கருவியை ஸ்டான்ஃபோர்டில் லியோனார்ட் ஹெர்சன்பர்க் குழுவினர் 1960-களின் இறுதியில் உருவாக்கினர். ஒரே புரதத்தை மட்டும் குறிவைக்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் முறையை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தனர்; 1984-இல் நோபல் பரிசு பெற்றனர். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. பின்னர் அந்நோயாளிகளின் சி.டி.4 எண்ணிக்கையைப் பார்க்கவும் இதே வகைக் கருவிகள் பயன்பட்டன. எனவே நேற்று வந்த புதுமை என்று இதைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

கவுண்ட் குறைவுக்குப் பின்னே மறைந்திருக்கும் நான்கு நோய்கள்

முதலாவது, குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபாய்டு ரத்தப் புற்றுநோய். ரத்தப் புற்றுநோய் என்றால் வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில் ஏறும் என்றே பலர் நினைக்கிறார்கள். பல குழந்தைகளுக்கு அது இறங்கியே இருக்கும். மஜ்ஜை முழுவதும் நோயணுக்கள் நிறைந்து, நல்ல அணுக்கள் உற்பத்தியாக இடமில்லாமல் போவதே காரணம். விடாத காய்ச்சல், வெளிறிய முகம், உடம்பில் ஊதாப் புள்ளிகள், இரவில் கால் எலும்பு வலிக்கிறது என்று அழுகை ஆகியவை அடையாளங்கள். பி வகையா டி வகையா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரி பிரித்துச் சொல்லும். முறையான சிகிச்சையில் குழந்தைகள் பெருமளவில் குணமடையும் புற்றுநோய் இது.

இரண்டாவது, ஏ.பி.எல். என்ற வகை. இதில் மூன்று கவுண்ட்டும் குறைவதோடு ரத்தம் உறையும் தன்மையும் கெட்டு, ஈறு, மூக்கு, சில நேரம் மூளையிலும் ரத்தம் கசியும். ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கக்கூடிய நோய். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் இதன் அணுக்கள் தனித்த ஒரு வடிவத்தில் தெரியும். சில மணி நேரத்தில் சந்தேகத்தை வலுப்படுத்திவிடலாம். மரபணுச் சோதனையின் உறுதி முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவார்கள்.

இந்த நோயின் சிகிச்சையில் நம் தமிழகத்துக்குப் பெருமைக்குரிய பங்கு உண்டு. வைட்டமின் ஏ-வின் ஒரு வடிவம் இந்நோயைக் கட்டுப்படுத்துகிறது என்று ஷாங்காய் மருத்துவர்களும், ஆர்செனிக் கட்டுப்படுத்துகிறது என்று ஹார்பின் மருத்துவர்களும் சீனாவில் கண்டறிந்திருந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ரத்தவியல் துறையில் டாக்டர் விக்ரம் மேத்யூஸ் உள்ளிட்ட மருத்துவர்கள் 1998 முதல் புதிய ஏ.பி.எல். நோயாளிகளுக்கு ஆர்செனிக் ட்ரை ஆக்சைடை மட்டுமே தனி மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விலை உயர்ந்த கீமோதெரபிக்குப் பணம் இல்லாத குடும்பங்களுக்கு இது பெரிய வாசலாக அமைந்தது. 72 நோயாளிகளின் விவரத்தை 2006-இல் வெளியிட்டபோது, அவர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. இன்று ஏ.பி.எல். மிகச் சிறப்பாகக் குணமாகும் ரத்தப் புற்றுநோய்களில் ஒன்று. ஆனால் முதல் சில நாட்களில் கண்டுபிடித்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

மூன்றாவது, அப்பிளாஸ்டிக் அனீமியா. இது புற்றுநோய் அல்ல. மஜ்ஜை காலியாகி, உற்பத்தி நின்றுபோகும் நோய். மேலை நாடுகளைவிட ஆசியாவில் இரண்டு மூன்று மடங்கு அதிகம். இளைஞர்களையும் பாதிக்கும். இதன் நெருங்கிய உறவாக பி.என்.எச். என்றொரு நோய் உண்டு. ரத்த அணுக்களைப் பாதுகாக்கும் சி.டி.55, சி.டி.59 என்ற புரதங்கள் அணுவின் மேல் ஒட்டாமல் போவதால் சிவப்பணுக்கள் உடைகின்றன. காலையில் சிறுநீர் அடர்நிறத்தில் போவதும், வயிறு, கல்லீரல் போன்ற எதிர்பாராத இடங்களில் ரத்தம் உறைவதும் இதன் குறிகள். முன்பு அமிலம் சேர்த்த சீரத்தில் அணுக்கள் உடைகின்றனவா என்று பார்த்துக் கண்டறிந்தார்கள். அதில் சிறு அளவு நோய் தப்பிவிடும். இப்போது ஃப்ளோ சைட்டோமெட்ரிதான் இதற்குரிய சோதனை. அப்பிளாஸ்டிக் அனீமியா உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் சிறிதளவாவது பி.என்.எச். அணுக்கள் காணப்படுவதால், அவர்களுக்கும் இதைச் செய்வார்கள். தக்க உடன்பிறப்பு கிடைத்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சை, இல்லாவிட்டால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் என்று வழிகள் உள்ளன. வேலூரில் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது.

நான்காவது, ஹேரி செல் லுக்கீமியா. நடுத்தர வயதைக் கடந்த ஆண்களுக்கு அதிகம். மண்ணீரல் வீங்கியிருக்கும், கவுண்ட் எல்லாம் குறைந்திருக்கும். ஊசி குத்தினால் மஜ்ஜை வரவே வராது. ரத்தத்தில் நோயணுக்கள் மிகக் குறைவாகவே இருக்கும். சி.டி.103, சி.டி.25, சி.டி.11சி ஆகிய அடையாளங்களை வைத்து ஃப்ளோ சைட்டோமெட்ரி இதைப் பிடித்துவிடும். கிளாட்ரிபின் என்ற மருந்தின் ஒரே சுற்றில் பலருக்கு ஆண்டுக்கணக்கில் நோய் அடங்கிவிடுகிறது.

இந்தச் சோதனையால் முடியாதவை

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. முதியவர்களுக்கு வரும் எம்.டி.எஸ். என்ற மஜ்ஜைக் கோளாறை இந்தச் சோதனை மட்டும் வைத்து இல்லை என்று சொல்ல முடியாது. மஜ்ஜை நாராகிப் போயிருந்தால் திரவம் வராது. எலும்புத் துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் வழி. எடுத்த மஜ்ஜையில் வெறும் ரத்தம் அதிகம் கலந்திருந்தாலும் முடிவு தவறலாம். ஸ்மியர், பயாப்ஸி, குரோமோசோம் சோதனை, ஃப்ளோ சைட்டோமெட்ரி ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் ரத்தவியல் மருத்துவரின் முடிவே முடிவு. ரிப்போர்ட்டில் உள்ள சி.டி. எண்களைக் கைபேசியில் தேடிப் பார்த்து நாமே தீர்ப்பு எழுத வேண்டாம்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டிய நான்கு விஷயங்கள்

ஒன்று, ஸ்டீராய்டு. தட்டணுக்கள் மட்டும் குறையும் ஐ.டி.பி. நோய்க்கு ஸ்டீராய்டு நல்ல மருந்து. ஆனால் லிம்ஃபாய்டு ரத்தப் புற்றுநோயையும் அது சில வாரங்களுக்கு அடக்கிவைக்கும். கவுண்ட் ஏறும், வீட்டார் மகிழ்வார்கள். நோய் மறைந்து நின்று பிறகு திரும்பும்போது கண்டுபிடிப்பதும் குணப்படுத்துவதும் கடினமாகிவிடும். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட கவுண்ட் குறைந்திருந்து ஸ்டீராய்டு தரப்பட்டால், “மஜ்ஜை பரிசோதனை தேவையா, அதை முதலில் எடுத்துவிடலாமா டாக்டர்?” என்று பணிவாகக் கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. அதை மருத்துவரிடம் சொன்னால் போதும்.

இரண்டு, சொந்தக்காரர்களின் ரத்தம். நம் வீடுகளில் ஒருவருக்கு ரத்தம் தேவை என்றால் அண்ணன், தம்பி, அத்தா, அம்மா என்று முதலில் ஓடிவருவது குடும்பம்தான். அந்தப் பாசம் போற்றத்தக்கது. ஆனால் மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்ற சந்தேகம் உள்ள நோயாளிக்கு ரத்த உறவினரின் ரத்தத்தை ஏற்றக் கூடாது. நாளை மஜ்ஜை கொடுக்க வேண்டிய உடன்பிறப்பின் அணுக்களை நோயாளியின் உடல் முன்கூட்டியே எதிரியாகப் பழகிக்கொண்டு, மாற்றிய மஜ்ஜையை நிராகரித்துவிடும் ஆபத்து உண்டு. உடன்பிறந்த ஒருவர் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அதையும் நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இடத்தில் மஹல்லா முன்வர வேண்டும். உறவில்லாத இளைஞர்கள் ரத்த வங்கியில் கொடுத்தால், அண்ணன் தம்பியின் மஜ்ஜையைப் பின்னொரு நாளுக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்று, மாதிரியின் நேரம். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு உயிருள்ள அணுக்கள் தேவை. எடுத்த ரத்தமும் மஜ்ஜையும் 24 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 48 மணி நேரத்துக்குள், ஆய்வகத்தை அடைய வேண்டும். உறையவைத்தால் வீணாகிவிடும். நம் பகுதியில் எடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் பெரிய நகரங்களுக்குத்தான் போகின்றன. சனிக்கிழமை மாலை எடுத்தால் ஞாயிறு முழுவதும் கூரியரில் கிடக்கும். அவசரமில்லாத நிலையில் திங்கள் முதல் வியாழனுக்குள் கொடுப்பது நல்லது. “எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, எப்போது சேரும்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் தேதியோடு சொல்லுங்கள்; பி.என்.எச். சோதனையில் அது சிவப்பணுக்களின் முடிவை மாற்றிக் காட்டும்.

நான்கு, காகிதங்கள். முதல் சி.பி.சி.யிலிருந்து எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். ஸ்மியர் தகடுகளையும் பயாப்ஸி பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது இவை இருந்தால் மீண்டும் ஊசி குத்த வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

பணத்துக்கு என்ன வழி?

முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எளிய சோதனைகளை அங்கேயே முடித்துக்கொண்டு, தேவையானால் பரிந்துரைக் கடிதம் பெற்று வேலூருக்கோ சென்னைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகலாம். வேலூர் செல்பவர்களுக்குச் சேலத்திலிருந்து காட்பாடிக்கு ரயில் உண்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரைக்கும் வருமானச் சான்றும் வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதைவிட, நலமாக இருக்கும்போதே அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் தெருக்களில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இந்த அட்டை இல்லை. எந்தச் சோதனை, எந்தச் சிகிச்சை திட்டத்தில் வரும் என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திட்டத்தில் வராத சோதனைச் செலவுக்குத் தகுதியுள்ள குடும்பங்கள் நம் அறக்கட்டளையை அணுகலாம். மருத்துவரின் சீட்டும் பழைய ரிப்போர்ட்டுகளும் இருந்தால் மனுவைச் சீக்கிரம் பரிசீலிக்க முடியும்.

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள்

மஜ்ஜை எடுப்பது முதுகுத்தண்டில் ஊசி போடுவதா? இடுப்பு எலும்பின் பின்பக்கம் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுக்கிறார்கள். முதுகுத்தண்டைத் தொடுவதில்லை. இழுக்கும்போது சில விநாடிகள் வலிக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நடை போய்விடும், ஆண்மை குறையும் என்பதெல்லாம் வீண் பேச்சு.

வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு வெறும் வயிறு தேவையில்லை. ரமளானில் சோதனைக்கு ரத்தம் கொடுப்பது, சிகிச்சையின்போது நோன்பு வைப்பது பற்றி மருத்துவரின் கருத்தைக் கேட்டுக்கொண்டு ஹஜ்ரத்திடம் விளக்கம் பெறுங்கள்.

பெண்களுக்கு ஆண் மருத்துவர்தான் மஜ்ஜை எடுப்பாரா? பெண் மருத்துவர் இருக்கிறாரா என்று முன்பே கேட்கலாம். பெண் செவிலியர் உடன் இருக்கக் கேட்கலாம். மறைக்க வேண்டியதை மறைத்து, தேவையான இடத்தை மட்டும் திறந்து எடுக்க முடியும். இந்தக் கூச்சத்துக்காகச் சோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

எப்போது காத்திருக்கவே கூடாது? கவுண்ட் குறைந்தவருக்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ஈறு அல்லது மூக்கில் நிற்காத ரத்தம், கடும் தலைவலி, மயக்கம், பார்வை மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

சகோதரர்களே, கவுண்ட் குறைந்த ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அடுத்த முறை “எத்தனை பாட்டில் ஏத்தினாங்க?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “காரணம் என்னன்னு சொன்னாங்களா?” என்றும் கேளுங்கள். பதில் இல்லை என்றால் அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக, ஆமீன்.